எண்ணெய் அண்ணனுக்கு, மின்சாரம் அண்ணிக்கு

செய்தி வந்தபோது காலை பதினொன்றேகால் மணி. அண்ணன் பகலில் போன் பண்ணுகிறவர் அல்ல. இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு அண்ணி எண்ணைப் போட்டுக் காதில் வைத்தால்தான் பேசுவார். அதனால் போனில் அவர் பெயரைப் பார்த்ததுமே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

“உங்க அண்ணி உக்காந்தாடா,” என்றார். “அப்படியே சாஞ்சிட்டா. டாக்டர் வந்து பாத்துட்டு, ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாரு.”

ஒன்றும் இல்லை என்றால் பயப்பட ஒன்றும் இல்லை என்று ஒரு கணம் நினைத்துக்கொண்டேன். இல்லாதது உயிர் என்று பிறகுதான் புரிந்தது. அவருக்குப் பின்னால் ஏதோ ஒரு படகின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை அணைத்தார்கள். “நீ வா,” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எல்லாம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் போய்விட்டார்கள். இரண்டு நாளாக அண்ணியைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொன்னார்கள். தங்கமான மனுஷி என்றார்கள். வாயைத் திறந்தால் சிரிக்காமல் இருக்க முடியாது என்றார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் என் மனம் நங்கூரம் என்று எல்லோரும் கூப்பிடும் படகுக்காரரின் படகிலேயே போய் நிற்கிறது. அண்ணி எப்படிப்பட்டவர் என்று யாராவது என்னைக் கேட்டால் அந்தப் படகைப் பற்றித்தான் சொல்வேன்.

அண்ணனின் பட்டறை படகுத்துறைக்குப் பின்னால் இருக்கிறது. தகரக் கூரை. வாசலிலிருந்தே சிமென்ட் சரிவு ஒன்று தண்ணீருக்குள் இறங்கும். உள்ளே இடதுபுறச் சுவர் முழுக்க அண்ணனின் ஸ்பேனர்கள். அவற்றுக்குக் கீழே தரை கன்னங்கரேலென்று இருக்கும். வலதுபுறம் அண்ணியின் மேஜை. தையல் மிஷின், படகுகளுக்குக் கூரை தைக்கிற கித்தான் சுருள்கள், கழுவிய ஜாம் பாட்டில்களில் பிளக்குகள், திருகுகள், செப்புக் கம்பிகள். அந்தப் பக்கத்துத் தரையில் இலை போட்டுச் சாப்பிடலாம். நடுவில் கோடு கிழித்ததுபோல் கறுப்பு ஒரு இடத்தில் நின்றுவிடும். ஒரே பட்டறையில் இரண்டு நாடுகள்.

இந்தப் பாகப்பிரிவினை நடந்த அன்று நான் அங்கே இருந்தேன். அவர்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டு அவர்கள் வீட்டு மாடியறையில் தங்கியிருந்தேன். அண்ணி சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். அப்போதுதான் அண்ணன் ஒரு எஞ்சினில், பெட்ரோலைப் பற்றவைக்கத் தீப்பொறி போடும் பிளக்கின் ஒயரைத் தொட்டு, கையிலிருந்த ஸ்பேனரை ஆற்றுக்குள் எறிந்தார்.

அண்ணன் ஆறடிக்கு மேல். எஞ்சினைக் குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கி வைத்துவிடுவார். கரண்ட் என்றால் மட்டும் அப்படி ஒரு பயம். அதை வெளியில் சொல்லாமல் கையில் சாக்குச் சுற்றிக்கொண்டு இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார்.

“என்னங்க, ஸ்பேனர் நீந்துமா?” என்றார் அண்ணி, கூடையைக் கீழே வைக்காமலே.

“அடிச்சிருச்சு.”

“எது?”

அண்ணன் எஞ்சினைக் காட்டினார், வகுப்பில் பக்கத்துப் பையனைக் காட்டிக்கொடுப்பதுபோல.

“நீங்க என்ன பண்ணீங்க அதை?”

“ஒண்ணும் பண்ணல. தொட்டேன்.”

“கேட்டுட்டுத் தொட்டிருக்கணும்.”

அண்ணியின் அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். வீடும் கடையும் ஒன்றுதான். செப்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி வளர்ந்தவருக்குக் கரண்ட் என்பது வீட்டுக்குள் வளைய வரும் பூனை மாதிரி. எங்கே தடவலாம், எங்கே தடவினால் பிறாண்டும் என்று தெரியும். அவ்வளவுதான். வளையல்களையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி அண்ணனின் சட்டைப் பையில் போட்டார். கொடியில் காய்ந்த துணியிலிருந்து மரக் கிளிப் ஒன்றை எடுத்து, அதைக் கொண்டு ஒயரைப் பிடித்து, பிளக்கை எஞ்சின் மேல் சாய்த்துவைத்து, “இப்ப சுத்துங்க,” என்றார். அண்ணன் தூரத்தில் நின்றபடியே கைப்பிடியைச் சுற்றினார். பிளக்கின் நுனியில் ஒரு நீலக் கீற்று வந்து போனது. நகத்தால் கிள்ளியதுபோல, அவ்வளவு சின்னது.

“நீலமா வந்தா ஆரோக்கியம். மஞ்சளா வந்தா சோர்வு,” என்றார் அண்ணி. பிறகு கூடையைத் திறந்து தட்டை எடுத்து வைத்தார்.

அன்றிலிருந்து எஞ்சின்கள் இரண்டாகப் பிரிந்தன. பெட்ரோல், எண்ணெய், தண்ணீர், இரும்பு எல்லாம் அண்ணன். பேட்டரியிலிருந்து பிளக் நுனி வரைக்கும் அண்ணி. எந்தப் படகு வந்தாலும் முதலில் ஒரு வழக்கு நடக்கும். “இது உன் ஆளு,” என்பார் அண்ணன். “இல்லை, உங்க சொந்தக்காரங்க,” என்பார் அண்ணி. தன் பக்கம் சுத்தம் என்று நிரூபிப்பதில் இருவருக்கும் அப்படி ஒரு வீம்பு. அந்த வீம்பினாலேயே வேலை சுத்தமாக நடந்தது என்று துறையில் எல்லோரும் சொல்வார்கள்.

நங்கூரத்தின் படகு வந்தது ஆறு வருஷத்துக்கு முன்பு. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று சின்ன வயதில் அவருக்கு யாரோ வைத்த பெயர் அது. கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் மணல் திட்டில் ஒரு குடியிருப்பு இருக்கிறது. அங்கிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் வேலைக்குப் போகிறவர்களையும் இக்கரைக்குக் கொண்டுவந்து விடுவதுதான் அவர் தொழில். நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். அவரைவிட வயதில் மூத்தது. அது திடீரென்று நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சுற்றினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

ஒருநாள் வற்றம் வடியும், கழிமுகத்துத் தண்ணீர் கடலுக்குள் இறங்கும் நேரத்தில் நின்றுவிட்டது. படகு நிறையப் பிள்ளைகள். நீரோட்டம் படகைக் கடல் பக்கமாக, அலை உடைகிற இடத்தை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. படகிலிருந்து இறக்கிய நங்கூர இரும்பு மணலில் பிடிக்கவில்லை. வலைக்காரர் ஒருவர் பார்த்துக் கயிறு வீசியதால் பிழைத்தார்கள். அன்று மாலையே துறைமுக அதிகாரி வந்துவிட்டார். இனி இந்தப் படகில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது. மாதக் கடைசியில் முழுப் பாரத்தோடு ஒரு சோதனை ஓட்டம். அதில் ஒரு தடவை நின்றாலும் படகின் அனுமதியே ரத்து. நங்கூரத்துக்கு வேறு படகு கிடையாது. வேறு வேலையும் தெரியாது. திட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் போகாமல் மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் படகைப் பட்டறைச் சரிவில் கொண்டுவந்து கட்டியபோது நான் ஞாயிற்றுக்கிழமை என்று அங்கே போயிருந்தேன். எஞ்சினை மூடுகிற மரப் பெட்டியைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அக்கா, நீங்கதான் பாக்கணும்.”

“முதல்ல அவர் பாக்கட்டும். நின்னு நின்னு ஓடுதுன்னா பெட்ரோல்ல அழுக்கு இருக்கும்.”

“தொட்டுப் பாக்காமலே தீர்ப்பா?” என்றார் அண்ணன். “உன் ஒயரெல்லாம் உப்புல ஊறிக் கெடக்கு, அதைப் பாரு.”

அண்ணி அன்று செய்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் சரியாக நம்பியதில்லை. நண்பகல் வெயிலில் எஞ்சினை ஓடவிட்டு, அதன் மேல் பெரிய கறுப்புத் தார்ப்பாயை விரித்தார். ஓரங்களை எல்லாம் இழுத்து அமுக்கிவிட்டு, “தம்பி, ஒரு வேடிக்கை காட்டவா? மூச்சை அடக்கிக்கணும். கையை மடியில வச்சுக்கணும். தலைமுடி பத்திரம்,” என்றார். எனக்கு அப்போதே தலையில் முடி குறைவு. “அதுக்குக் கவலை இல்லை, மறந்துட்டேன்,” என்று அவரே சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தார். நானும் நுழைந்தேன்.

உள்ளே சூடு, பெட்ரோல் வாடை, காதை அடைக்கும் சத்தம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக அது தெரிய ஆரம்பித்தது. ஒயர்களின் மேல் நீல ஒளி ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் வரிசையாக எறும்பு போவதுபோல. இன்னொரு இடத்தில் மெல்லிய மயிரிழைகளாகச் சிலிர்த்துக்கொண்டு. ஒயர் இரும்பைத் தொடும் வளைவில் சின்னச் சின்ன நட்சத்திரங்களாகக் குதித்துக்கொண்டிருந்தது. வெளியே உச்சி வெயில். ஒரு துணித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு முழு இரவு இருந்தது, அதற்கான விண்மீன்களோடு.

வெளியே வந்து மூச்சு வாங்கினோம்.

“போக வேண்டிய இடத்துக்குப் போகாம வழியிலேயே எறங்குது பாருங்க,” என்றார் அண்ணி. “பாதி டிக்கெட் எடுத்தவன் மாதிரி.”

எல்லா ஒயர்களையும் மாற்றினார். பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தது, அதையும் மாற்றினார். மாலையில் மறுபடியும் தார்ப்பாய்க்குள் போனோம். இந்தத் தடவை ஒரே இருட்டு. எவ்வளவு பழகியும் ஒன்றும் தெரியவில்லை.

“ஒண்ணும் தெரியலையே அண்ணி.”

“அதுதான் தெரியணும்,” என்றார் காதருகே.

அந்த இருட்டில் நான் உட்கார்ந்திருந்த சில நொடிகளை என்னால் மறக்க முடியவில்லை. பொறி நின்றுவிடவில்லை. எனக்கு ஒரு சாண் தூரத்தில், இரும்புக்குள்ளே, கண் இமைப்பதற்குள் பத்து இருபது தடவை அது எரிந்துகொண்டிருந்தது. ஒழுங்காக எரிவதால் வெளியே தெரியவில்லை. இத்தனை வருஷம் எத்தனை படகில் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒவ்வொன்றின் வயிற்றிலும் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. இதை நினைத்தபடியே ஒருவர் தினமும் வேலைக்கு வருகிறார், மிஷினில் கித்தான் தைக்கிறார், வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கிறார் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

“என் பக்கம் சுத்தம்,” என்று அறிவித்தார் அண்ணி.

அண்ணனும் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். பெட்ரோல் பம்பை மாற்றினார். தொட்டியை இறக்கி வெயிலில் காயவைத்தார். “என் பக்கமும் சுத்தம்,” என்றார்.

அடுத்த வாரமே படகு மறுபடியும் நின்றது. ஆஸ்பத்திரிக்குக் காலை வேலைக்குப் போகும் பெண்கள் உள்ளே இருந்தார்கள். அன்று வற்றம் இல்லாததால் நங்கூர இரும்பு மணலில் பிடித்தது.

“ரெண்டு பேர் பக்கமும் சுத்தம்னா, நிக்கறது யாரு?” என்று கேட்டார் நங்கூரம். கோபமாகக்கூட கேட்கவில்லை. கோபப்படவும் தெம்பில்லாத குரல்.

இருவரும் படகில் ஏறி ஓட்டிப் பார்த்தார்கள். அக்கரைக்கும் இக்கரைக்குமாக ஒரு மாலை முழுக்க. அண்ணி ஒருபுறம் குந்தி உட்கார்ந்து ஒயர்களைப் பார்த்துக்கொண்டு, அண்ணன் மறுபுறம் பெட்ரோல் குழாயைப் பார்த்துக்கொண்டு, நடுவில் எஞ்சின். எது முதலில் தப்புச் செய்யும் என்று ஆளுக்கொரு கண்ணாகக் காத்திருந்தார்கள். அது நிற்கவே இல்லை. மறுநாளும் ஓட்டினார்கள். அன்றும் அப்படியே.

“நீங்க ஏறினா நல்ல பிள்ளையா ஓடுது அக்கா. எங்களைக் கண்டாத்தான் அதுக்கு ஆகலை,” என்றார் நங்கூரம்.

வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. நான் போயிருந்த ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணன், “தண்ணி ஊத்து,” என்றார்.

“தண்ணி, எண்ணெய், பெட்ரோல் எல்லாம் உங்க டிபார்ட்மென்ட்,” என்றார் அண்ணி.

அண்ணன் எழுந்து போய்த் தானே ஊற்றிக்கொண்டார். எனக்கும் ஊற்றினார். அண்ணியின் டம்ளரைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு அதிலும் ஊற்றினார். யாரும் சிரிக்கவில்லை. சோதனைக்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் துறையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அண்ணி எப்போதும் துணி துவைக்கிற அம்மாவைத்தான் சொல்வார். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் அம்மா அவர், திட்டுக்காரர். வேலை முடிந்து வந்து, சரிவில் கட்டியிருந்த படகு புறப்படுவதற்காகக் கரையில் காத்திருந்தார். அண்ணி, நங்கூரம் கழற்றி வைத்த எஞ்சின் பெட்டியின் மேல் உட்கார்ந்து, மடியில் கித்தானைப் போட்டுக் கையால் ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். அந்த மாதம் படகு பட்டறைக்கு வரும்போதெல்லாம் அதுதான் அவருக்கு நாற்காலி.

“எங்க சீட்டுல உக்காந்திருக்கீங்க,” என்றார் அந்த அம்மா.

“இதுவா? இது உங்க சீட்டா?”

“படகுல அதுதானே நல்ல எடம். விடியக்காலம் வெடவெடன்னு குளிரும். அது மேல உக்காந்தா இடுப்பு வலியெல்லாம் எடுத்துரும். அதுக்குப் போட்டா போட்டி. அஞ்சாறு பேர் நெருக்கியடிச்சு உக்காருவோம். கீழ கால் பக்கமெல்லாம் எங்க துணி மூட்டையை அடைச்சு வச்சிருவோம், சூடு வெளிய போகாம.”

அண்ணியின் ஊசி நின்றது.

“சூடாவா இருக்கும்?”

“அடுப்பு மாதிரி இருக்கும்.”

அண்ணி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பெட்டியைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். ஆற்றங்காற்றில் அது சில்லென்று இருந்தது. படகருகே நின்ற நங்கூரத்திடம், “தம்பி, இங்க வரும்போது இந்தப் பெட்டியை எப்ப கழட்டுவீங்க?” என்று கேட்டார்.

“பொறப்படும்போதே கழட்டிருவேன் அக்கா. நீங்க வேலை பாக்கணும்ல. டாக்டர்கிட்டப் போய்ச் சட்டையைப் போட்டுக்கிட்டா நிக்க முடியும்?”

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அண்ணன் ஸ்பேனரோடு வெளியே வந்து, “என்ன ஆச்சு இவளுக்கு?” என்றார்.

“சட்டை போட்டாத்தான் வர்ற வியாதி இது. நாம ஒரு மாசமா சட்டையைக் கழட்டி வச்சுட்டு நாடி பாத்துட்டு இருக்கோம்.”

பெட்டி மூடியிருந்தால் உள்ளே வெக்கை. ஆள் உட்கார்ந்து, மூட்டையும் அடைத்தால் அடுப்பு. கழற்றினால் காற்று. அதனால்தான் அண்ணனும் அண்ணியும் ஏறும்போது மட்டும் அது நல்ல பிள்ளையாக ஓடியிருக்கிறது. அண்ணன் தாடையைத் தடவிக்கொண்டார். “வெக்கைன்னா குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிரும். அப்பவும் இப்படித்தான் நிக்கும்,” என்றார். தன் பக்கத்தைத் தானே காட்டிக்கொடுப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

“காயிலும் அப்படித்தான். சூட்டுல செத்துப் போகும், ஆறினதும் பொழைச்சுக்கும்,” என்றார் அண்ணி. “ரெண்டுல ஒண்ணு.”

அன்று மாலை அண்ணியின் சமையலறையில்தான் விசாரணை. காயில் என்பது ஒரு பிடி அளவு உருண்டைத் தகர டப்பா. பேட்டரியின் சின்னக் கரண்டைப் பிளக்கில் தாவுகிற அளவுக்குப் பெரிதாக்கித் தருவது அதுதான். அதைப் படகிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார். பேட்டரியைத் தரையில் வைத்து, ஒயரும் ஒரு பிளக்கும் மாட்டி, ஒயர் நுனியைப் பேட்டரியில் தட்டி முதலில் அப்படியே சோதித்தார். நீலம், பளிச்சென்று. பிறகு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தண்ணீர் புகாமல் இறுக்கிக் கட்டி, அடுப்பில் கொதிக்கும் சட்டிக்குள் இறக்கினார்.

அண்ணன் நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டார். “உப்பு போட வேண்டாமா?” என்றார்.

“உங்களுக்குப் பரிமாறும்போது போட்டுக்கறேன்.”

வெந்ததும் கிடுக்கியால் எடுத்துத் துடைத்து மாட்டினார். பொறி வந்தது, ஆனால் மஞ்சளாக, மெலிந்து. அண்ணி மறுபடியும் ஒயரைத் தட்டினார். இன்னும் மெலிந்தது. மறுபடியும் தட்டினார். ஒன்றும் இல்லை. நாங்கள் மூவரும் அந்தச் செத்த பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணி அதை ஈரத் துணியில் சுற்றி ஜன்னல் திண்டில் வைத்தார். ஆறிய பிறகு மாட்டினார். நீலம், பளிச்சென்று.

“என் பக்கம்தான்,” என்றார் அண்ணி.

எத்தனையோ பேர் வெற்றி பெற்றுச் சந்தோஷப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். தோற்றுப்போனதில் ஒருவர் முகம் இப்படி மலர்ந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இத்தனை நாள் வாதாடினார், சண்டை போட்டார், தண்ணீர் ஊற்ற மறுத்தார். உண்மை தன் பக்கத்துக்கு எதிராக வந்து நின்றதும், நெடுநாள் வராத விருந்தாளியைப்போல அதைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டார். “என் பக்கம்தாங்க. பாத்தீங்களா, எவ்வளவு சாமர்த்தியமா ஒளிஞ்சிருந்திருக்கு,” என்று அந்த டப்பாவைத் தட்டிக்கொடுத்தார். அண்ணன் அப்போதுதான் நிலைப்படி தாண்டி உள்ளே வந்தார். சட்டியை எடுத்துக் கழுவி வைத்தார்.

லாரிக் காயில் ஒன்று வாங்கினார்கள். ஆனால் அண்ணி அதைப் பழைய இடத்தில் மாட்டவில்லை. “அதே அடுப்புல உக்காத்தி வச்சா இதுக்கும் அதே கதிதான்,” என்றார். எஞ்சின் பெட்டிக்கு வெளியே, காற்றுப் படுகிற மாதிரி, ஓட்டுகிறவரின் பலகைக்குக் கீழே பொருத்தினார். ஒயரை நீளமாக்கினார். உப்புத் தண்ணீர் தெறிக்காமல் இருக்கக் கித்தானில் அதற்கொரு தொப்பி தைத்தார். பழைய தையல்காரி ஆயிற்றே. தொப்பிக்கு ஓரமடித்துக் கயிறும் கோத்திருந்தார்.

சோதனை அன்று முழுப் பாரம் வேண்டும் என்றார் அதிகாரி. மணல் மூட்டை போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, திட்டிலிருந்து பிள்ளைகளின் அம்மாக்கள் வந்து சேர்ந்தார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று தெரியவில்லை. “பாரம்தானே வேணும். நாங்க ஏறுறோம்,” என்றார் ஒருவர். “எங்களை ஏத்திட்டுப் போய்ட்டுத் திரும்பி வந்தா, நாளைக்குப் பிள்ளைங்களை அனுப்பறோம்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். படகில் கால் வைக்கும்போது பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நானும் ஏறினேன். அண்ணனும் ஏறினார். அண்ணி பெட்டியை மூடச் சொன்னார், இடுக்கிலெல்லாம் மூட்டைகளை அடைக்கச் சொன்னார். பிறகு அதிகாரியைப் பார்த்து, “ஐயா, நீங்க இது மேலயே உக்காருங்க,” என்றார்.

“பரவாயில்லம்மா, நான் நிக்கறேன்.”

“இல்லை ஐயா. இதுதான் இந்தப் படகுலயே நல்ல சீட்டு. வேணும்னா இந்த அம்மாவைக் கேளுங்க.”

சலவை அம்மா தலையாட்டினார். அதிகாரி உட்கார்ந்தார். இருபுறமும் இரண்டிரண்டு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

வற்றம் வடிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தை அதிகாரி வேண்டுமென்றேதான் பார்த்து வைத்திருந்தார். எப்போதும் நிற்கும் இடம் நெருங்கியது. நங்கூரத்தின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அண்ணி பலகைக்குக் கீழே கையை விட்டு, தொப்பி போட்ட காயிலின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் குழந்தையின் நெற்றியில் கை வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்ப்பதுபோல இருந்தது அது. அந்த இடத்தைத் தாண்டினோம். அக்கரை தொட்டுத் திரும்பினோம்.

திரும்பும்போது, நட்டநடுவில், எஞ்சின் இருமியது. ஒரு இருமல். இன்னொன்று. கடல் பக்கம் அலை உடைவது நன்றாகக் கேட்டது. அண்ணியின் முகம் மாறவில்லை. காயிலை இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். மூன்றாவது இருமலுக்குப் பதிலாக எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு பழையபடி ஓடியது. கரை வரைக்கும் ஓடியது.

கரையில் அண்ணன் முதல் ஆளாக இறங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “அது என் பக்கம். தொட்டியைக் கழுவினப்ப சொட்டுத் தண்ணி நின்னிருக்கு. இப்பவே வடிச்சிர்றேன்.”

அதை அவ்வளவு பெருமையாக அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அதிகாரி எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார். “நல்லாத்தான் சுடுது,” என்றார். மறுநாள் பிள்ளைகள் ஏறினார்கள்.

அன்று மாலை நான் அண்ணியிடம், இருமியபோது பயமாக இல்லையா என்று கேட்டேன். “காயில் சில்லுன்னு இருந்துச்சு தம்பி. அப்ப நான் பயந்தா, அது அவரை நம்பாத மாதிரி ஆயிடும்ல,” என்றார். இந்தப் பதிலை ஆறு வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அத்தனை பேர் உயிர் மிதந்த அந்த நொடியில் ஒருவருக்கு இப்படி ஒரு நினைப்பு வருமா என்று இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது.

அதற்குப் பிறகு அந்தப் படகு நடுவழியில் நின்றதில்லை. ஒவ்வொரு வருஷமும் மழை தொடங்குமுன் நங்கூரம் அதைப் பட்டறைக்குக் கொண்டுவருவார், பெட்டியைக் கழற்றாமல். அண்ணன் தன் பக்கத்தை முடித்துவிட்டு விலகிக்கொள்ள, அண்ணி தன் பக்கத்தைப் பார்ப்பார்.

இந்த வருஷமும் அப்படித்தான் வந்திருந்தது. அன்று காலை அண்ணி பழைய பிளக்குகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டிக்கொண்டிருந்ததாக நங்கூரம் சொன்னார். முதல் மூன்றையும் ஸ்பேனரால் இறுக்கியாயிற்று. நாலாவதைக் கையால் திருகிவிட்டு, “இருங்க தம்பி, வேர்க்குது,” என்று சொல்லிக் கரையில் உட்கார்ந்தாராம்.

பிள்ளைகள் இரண்டு நாளாக வலைக்காரரின் படகில் வந்து போகிறார்கள். நங்கூரம் தன் படகைத் தொடவில்லை. இன்று மாலை அண்ணன் அதில் ஏறினார். எஞ்சின் முன்னால் குந்தினார். பிளக் ஸ்பேனரைக் கையில் எடுத்து, நாலாவது பிளக்கின் மேல் வைக்கப் போனார், வைக்கவில்லை. இறங்கி வந்து ஸ்பேனரைப் பட்டறையின் வலதுபுற மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

படகு சரிவில் கட்டிக் கிடக்கிறது. நாலாவது பிளக் கையால் திருகிய இறுக்கத்திலேயே இருக்கிறது.